‘விதண்டாவாதம் பண்ணாதே!’ - வீட்டுச் சண்டைகள் ஏன் முடிவதே இல்லை?

சனிக்கிழமை இரவு. சாப்பாடு முடிந்ததும் கணவர் பேச்சை ஆரம்பிக்கிறார்.

“மாசம் பதினெட்டாயிரம் வாடகை வீணாப் போகுது. லோன் போட்டு ஒரு ஃபிளாட் வாங்கிடலாம்.”

“இருபது வருஷம் இ.எம்.ஐ. கட்டணுமே, யோசிச்சீங்களா?”

“உனக்கு எப்பவுமே என் மேல நம்பிக்கை கிடையாது.”

“எப்படி இருக்கும்? உங்க தம்பிக்குக் கொடுத்த பணம் திரும்பி வந்துச்சா?”

நாலே வரிதான். ஃபிளாட் காணாமல் போய், தம்பி உள்ளே வந்துவிட்டார். இனி இதில் யார் ஜெயித்தாலும், வீடு வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. உங்கள் வீட்டில் விஷயம் வேறாக இருக்கலாம். போகிற பாதை இதேதான்.

மூன்று வகை வாதம்

‘விதண்டாவாதம் பண்ணாதே’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அந்தச் சொல் பழைய தர்க்க சாஸ்திரத்திலிருந்து வந்தது. கௌதமர் எழுதியதாகச் சொல்லப்படும் நியாய சூத்திரம், விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது.

* வாதம்: எது உண்மை என்று கண்டுபிடிக்க இருவரும் சேர்ந்து பேசுவது.
* ஜல்பம்: எப்படியாவது ஜெயிக்கப் பேசுவது.
* விதண்டை: தன் பக்கம் எதையும் நிறுவாமல், எதிராளி சொல்வதை உடைப்பது மட்டுமே வேலையாகப் பேசுவது.

மேலே பார்த்த பேச்சு, முதல் இரண்டு வரிகள் வரை வாதம். ‘எப்பவுமே’ என்ற சொல் வந்ததும் அது ஜல்பம் ஆகிவிட்டது. “வாங்கவும் வேணாம், வாடகைக்கும் இருக்க வேணாம், என்னமோ பண்ணுங்க” என்று முடிந்தால் அது விதண்டை. நாம் எந்த வகைக்குள் நழுவுகிறோம் என்பதைக் கவனிக்காததுதான் பெரும்பாலான வீட்டுச் சண்டைகளின் சிக்கல்.

எந்த இடத்தில் நழுவுகிறது?

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பல ஆண்டுகள் படம்பிடித்து ஆராய்ந்தவர் உளவியலாளர் ஜான் காட்மன். உறவைக் கெடுக்கும் நான்கு பழக்கங்களை அவர் அடையாளம் கண்டார்: ஆளின் குணத்தையே குற்றம் சொல்வது, ஏளனம் செய்வது, தன் பக்கத் தவறைப் பார்க்காமல் தற்காத்துக்கொண்டே இருப்பது, பேச்சை அடைத்துவிட்டு மௌனமாகிவிடுவது.

இந்த நான்கில் மிக ஆபத்தானது ஏளனம் என்கிறார் அவர். நம் ஊரில் அதற்குக் குரல் உயர்த்தக்கூடத் தேவையில்லை. “ஆமா, இவரு பெரிய அறிவாளி” என்று முணுமுணுத்தால் போதும்.

தொடக்கமும் முக்கியம். புதிதாகத் திருமணமான 124 தம்பதிகளின் வாக்குவாதங்களை வைத்து 1999-ல் வெளியான ஆய்வில், முதல் மூன்று நிமிடப் பேச்சை வைத்தே பின்னாளில் விவாகரத்து ஆகக்கூடியவர்களைப் பெரிதும் கணிக்க முடிந்தது. “நீ ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்ல” என்பதற்கும், “இன்னைக்கு லேட்டாச்சு, தனியா இருக்கக் கஷ்டமா இருந்துச்சு” என்பதற்கும் உள்ள தூரம் அது.

‘ஏன்’ வேண்டாம், ‘எப்படி’ கேளுங்கள்

ஜிப், டாய்லெட் ஃபிளஷ் போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரியுமா? ‘தெரியும்’ என்றுதான் பலரும் நினைப்போம். 2002-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் இப்படிச் சொன்னவர்களிடம், ‘சரி, படிப்படியாக விளக்குங்கள்’ என்றார்கள். விளக்க முயன்றபிறகு, தங்களுக்குத் தெரிந்தது குறைவு என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

2013-ல் இதே உத்தியை அரசுக் கொள்கைகள் விஷயத்தில் வேறு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ‘இதை ஏன் ஆதரிக்கிறீர்கள்?’ என்று காரணம் கேட்டபோது யாரும் பெரிதாக மாறவில்லை. ‘இது எப்படி நடைமுறையில் வேலை செய்யும்?’ என்று விளக்கச் சொன்னபோது பிடிவாதம் தளர்ந்தது.

ஃபிளாட் விஷயத்துக்கும் இது பொருந்தும். “ஏன் இப்பவே வாங்கணும்?” என்றால் அடுத்த ரவுண்டு சண்டை. “இ.எம்.ஐ. போக மாசம் கையில எவ்வளவு நிக்கும்? ஒருத்தருக்கு வேலை போனா ஆறு மாசம் எப்படிச் சமாளிப்போம்?” என்றால் இருவரும் ஒரு பேப்பரையும் பேனாவையும் எடுத்தாக வேண்டும்.

கோபம் தலைக்கேறினால்?

அப்போது எந்த உத்தியும் வேலை செய்யாது. காட்மன் ஒரு சோதனையில், கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி, சண்டையை நடுவில் நிறுத்தினார். அரை மணி நேரம் தம்பதிகளைப் பத்திரிகை படிக்க வைத்தார். மறுபடி பேசியபோது இதயத்துடிப்பும் குறைந்திருந்தது, பேச்சும் பக்குவப்பட்டிருந்தது. ஆனால், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனால் அது மௌன தண்டனை ஆகிவிடும். “அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்” என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள்.

எல்லாம் தீராது

தம்பதிகளுக்குள் வரும் பிரச்சினைகளில் 69 சதவீதம் நிரந்தரமாகத் தீராதவை என்பதும் காட்மனின் கணக்கு. ஒருவருக்குச் சொந்த வீடுதான் பாதுகாப்பு. இன்னொருவருக்குக் கடன் இல்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. இதை ஒரே இரவில் பேசி முடிக்க முடியாது.

ஆனால், அவரவர் எதற்குப் பயப்படுகிறோம் என்பதை மட்டுமாவது அந்தச் சனிக்கிழமை இரவில் சொல்லியிருக்கலாம். தம்பி பாவம், அவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.