தொட்டி மீனும் துரத்தும் வலையும்

கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் மீனைப் பிடிப்பதில் என்ன கஷ்டம், நாலடித் தொட்டியை விட்டு அது எங்கே ஓடிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் பழைய மாணவர் ஒருவர் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். அதில் பாறைகளை அடுக்கி, உயிருள்ள பவளங்களையும் சில மீன்களையும் வளர்க்கிறார். ஒரு நாள் அவருடைய நீலச் சர்ஜன் மீனின் உடலில், உப்பைத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றின. ஒற்றைச் செல் ஒட்டுண்ணி ஒன்றால் வரும் நோய் இது. அளவாகத் தாமிர உப்புக் கலந்த நீரில் சில வாரங்கள் வைத்திருந்தால் குணமாகும். ஆனால் மீனைக் காக்கும் தாமிரமே பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு! ஆகவே மருந்தைத் தொட்டியில் ஊற்ற வழியில்லை. மீனைத்தான் வெளியே எடுத்தாக வேண்டும். வலையுடன் இரண்டு மணி நேரம் போராடினார். ஒரு பவளக் கிளை முறிந்ததுதான் மிச்சம்.

ஏன் சிக்கவில்லை? நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதில் வலையை வீசும்போது எழும் தடைவிசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகத்தை இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. வாளித் தண்ணீரில் தேநீர் வடிகட்டியை மெதுவாகவும் வேகமாகவும் இழுத்துப் பாருங்கள், உங்கள் கையே சொல்லும். அதோடு, வலை தனக்கு முன்னால் உள்ள நீரையும் தள்ளிக்கொண்டு போகிறது. மீனின் இரு பக்கங்களிலும் தலை முதல் வால் வரை ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு அந்த அசைவை அறிந்துவிடும். வலைக்கு முன்பே தகவல் போய்விடுகிறது!

கண்ணும் நம்மை ஏமாற்றுகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33 அல்லவா? மேலிருந்து நேராகப் பார்த்தால் 40 செ.மீ. ஆழத்தில் இருக்கும் மீன் 30 செ.மீ. ஆழத்தில் இருப்பதாகத் தோன்றும். மீனுக்கோ தலைக்கு மேல் சுமார் 97 பாகை அகன்ற வட்டத்துக்குள், நீருக்கு மேலுள்ள உலகம் முழுவதும் சுருங்கித் தெரியும். நாம் கையை ஓங்குவதும் அதில் அடக்கம். உடனே பாறை இடுக்கில் புகுந்து முட்களை விறைத்து ஊன்றிக்கொள்ளும்.

ஆகவே துரத்தக் கூடாது. மீனே வர வேண்டும். மன்னார் வளைகுடா மீனவர்கள் பவளப் பாறைகளிடையே இறக்கும் கூடுகளிலும் மீன் தானாகவேதான் நுழைகிறது. நம் நண்பர் அக்ரிலிக் தகட்டில் ஒரு பெட்டி செய்தார். ஒரு பக்கம் மேலே தூக்கும் கதவு, கதவில் நூல். உள்ளே கடற்பாசித் துண்டு.

அக்ரிலிக் ஏன்? இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையே வேறுபாடு குறைந்தால், அவற்றின் எல்லையில் ஒளி திரும்புவதும் குறையும். அக்ரிலிக்கின் எண் 1.49. அதன் பரப்பில் நேராக விழும் ஒளியில், காற்றில் என்றால் சுமார் 4 சதவீதம் திரும்பும், நீருக்குள் 0.3 சதவீதம்தான்! பெட்டி கிட்டத்தட்ட மறைந்தேவிடுகிறது. ஒரு கண்ணாடி டம்ளரை நீருக்குள் அமிழ்த்திப் பார்த்தால் இது விளங்கும்.

நீரை எல்லாம் பீப்பாய்களில் இறைத்துவிட்டுப் பிடிப்பவர்களும் உண்டு. சிறு தூண்டிலில், முள்ளின் எதிர்நாக்கைத் தட்டையாக்கிப் பிடிப்பதும் உண்டு. எனக்கு அது உவப்பில்லை.

மூன்று நாள் கதவை மூடவே இல்லை. மீன் பயமின்றிப் போய்வந்து தின்றது. நான்காம் நாள் நூலை விட்டார். பெட்டியை நீரோடு அப்படியே தூக்கினோம். வாலின் அடியில் அறுவைக் கத்திபோல் கூர்முள் இருப்பதால்தான் இதற்குச் சர்ஜன் என்று பெயர். வலையானால் அந்த முள் சிக்கிக்கொண்டிருக்கும்.

வேலை அதோடு முடியவில்லை. ஒட்டுண்ணி ஒரு கட்டத்தில் மீனை விட்டு உதிர்ந்து, கூடுகட்டிக்கொண்டு, பெருகி மறுபடி மீனைத் தேடி வரும். மீனே கிடைக்காவிட்டால்தான் அழியும். எனவே தொட்டி பல வாரங்கள் மீனின்றி இருக்க வேண்டும். கதவைத் தூக்கி மறுபடி உணவு வைத்தார். கோமாளி மீன்கள் இரண்டு பாக்கி இருந்தன.