தேயிலை மண்ணும் மூடிய போத்தலும்: வாயு மாதிரி எடுக்கும் முறை

மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் அமைந்த வட்டவளை, தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்வதால் ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 மில்லிமீற்றர் மழை பெற்று, இலங்கையின் மிக ஈரமான இடங்களுள் ஒன்றாக விளங்குகிறது. அமில மண், நீங்காத ஈரம், கொழுந்துக்காக இடப்படும் யூரியா முதலிய நைதரசன் பசளை ஆகிய மூன்றும் கூடும் இத்தகைய மலைகளில், மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் நைதரசு ஒட்சைட்டு என்னும் வாயுவை வெளியிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில், இவ்வாயுவின் ஒரு கிலோ, காபனீரொட்சைட்டின் 273 கிலோவுக்கு ஈடாகப் புவியை வெப்பமாக்குவதோடு, விலைகொடுத்து இட்ட நைதரசன் செடியைச் சேராமல் காற்றில் கலப்பதால் தோட்டத்துக்கும் நட்டம் விளைகிறது.

நீர் தேங்கி ஒட்சிசன் குன்றிய மண்ணில், பற்றீரியாக்கள் நைத்திரேற்றைப் படிப்படியாக நைதரசன் வாயுவாக்கும் செயல் நைதரசனிறக்கம் எனப்படும். தேயிலைக்கு உகந்ததான 4.5 முதல் 5.5 வரையிலான pH மதிப்புடைய அமில மண்ணில், அதன் கடைசிப் படியை நடத்தும் நொதியம் தடைப்படுவதால், நைதரசன் வாயுவாக முடிய வேண்டியதில் பெரும்பங்கு நைதரசு ஒட்சைட்டாகவே வெளியேறுகிறது. மழையும் வெயிலும் மாறிமாறி வரும் மலையில் இதன் காரணங்களைத் தனித்தனியே பிரித்தறிவது கடினமாகையால், ஆய்வாளர் மண்ணைச் சலித்து, ஈரத்தை அளவாக்கி, கண்ணாடிப் போத்தலில் இட்டு, தடித்த இறப்பர் அடைப்பான் வைத்து, அலுமினிய வளையத்தால் இறுக்கி மூடுகின்றனர்.

மண்ணுக்கு மேலுள்ள காற்றிடத்தில் திரளும் வாயுவை, குறித்த நேர இடைவெளிகளில், நுண்ணூசியும் சிறு அடைகுழாயும் பொருத்திய சிரிஞ்சினால் எடுக்க வேண்டும். ஊசியை இறப்பரின் ஊடாகச் செலுத்திய பின், உள்ளிருக்கும் வாயு ஒருசீராகக் கலக்கும்படி உந்தியை இரண்டு மூன்று முறை இழுத்து அழுத்தி, வேண்டிய அளவை இழுத்தெடுத்து, ஊசியை வெளியே எடுக்குமுன் அடைகுழாயை மூடுவது முறை. ஒரே துளையில் மீண்டும் மீண்டும் குத்தினால் இறப்பர் கசியும். 100 மில்லிலீற்றர் காற்றிடத்திலிருந்து 5 மில்லிலீற்றரை எடுத்தால் உள்ளமுக்கம் ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்து, கசிவு வழியே வெளிக்காற்று புகும். இதைத் தவிர்க்க எடுத்த அளவுக்குத் தூய நைதரசனைச் செலுத்துவோர், அதனால் ஏற்படும் ஐதாக்கலைக் கணக்கில் திருத்த வேண்டும். நைதரசு ஒட்சைட்டு நீரில் கரையக்கூடியதாகையால், ஈர மண்ணில் கரைந்து நிற்கும் பங்கையும் வெப்பநிலைக்கேற்பக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும்.

மலைநாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. வட்டவளையின் உயரத்தில் வளியமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாகையால், அங்கு சிரிஞ்சிலிருந்து மாதிரியை நிரப்பிய குப்பியைக் கரையோர ஆய்வுகூடத்தில் துளைக்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படலாம். எனவே காற்றகற்றிய 12 மில்லிலீற்றர் குப்பியில் 15 மில்லிலீற்றருக்கும் மேலாக வாயுவைச் செலுத்தி, உள்ளமுக்கத்தை உயர்த்தி வைக்கின்றனர்.

இறுதியில் மாதிரி, கேஸ் குரோமட்டோகிராப் என்னும் கருவியின் நீண்ட மெல்லிய குழாயினூடே செலுத்தப்பட, அதிலுள்ள வாயுக்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளிவருகின்றன. நைதரசு ஒட்சைட்டை, இலத்திரனைக் கவரும் அதன் இயல்பைப் பயன்படுத்தும் உணரி இனங்காண்கிறது. செறிவு தெரிந்த நியம வாயுவோடு ஒப்பிட்டே அளவு பெறப்படுகிறது. எனினும், மாதிரியில் புகுந்துவிட்ட வெளிக்காற்றை எந்தக் கருவியாலும் பிரித்து நீக்க முடியாது. ஆகவே மண் இடாத ஒப்பீட்டுப் போத்தலின் அளவும், மாதிரி எடுத்த வேளையின் அமுக்கமும் வெப்பநிலையும் பதியப்படாத எந்த எண்ணையும் நம்பகமான அளவீடாகக் கொள்ளலாகாது.