நாயின் புழுவும் நம் கண்ணும்: மாதம் ஒருமுறை தரவேண்டிய மருந்தைப் பற்றி

சென்ற ஆண்டு ஐப்பசி மழை ஓய்ந்த சில வாரங்களில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். வலது கண் பத்து நாள்களாகச் சிவந்திருந்தது; உறுத்தலும் நீர்வடிதலும் இருந்தன. ஒவ்வாமை என்று கருதிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தோம். புறப்படும்போது அவர், "கண்ணுக்குள்ளே என்னவோ நெளியுற மாதிரி இருக்கு டாக்டர்" என்றார். கண் உறுத்தலோடு வருவோர் பலரும் சொல்லும் சொற்கள்தாம் இவை. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான்காம் நாள் அவருடைய மகள் கைப்பேசியில் ஒரு காணொளியுடன் வந்தார். இரவில், குழல்விளக்கின் கீழ் எடுத்தது. கண்ணின் வெண்பகுதியின் மேல், மெல்லிய படலத்துக்கு அடியில், வெள்ளை நூல் ஒன்று சுருண்டு, நீண்டு, மூக்குப் பக்கமாக நகர்ந்து மறைந்தது. பார்த்துக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர் தம்மை அறியாமல் தம் கண்ணைத் தொட்டுக்கொண்டார்.

அன்றே எங்கள் கண் மருத்துவர் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, அப்படலத்தில் சிறு கீறல் இட்டு, அந்தப் புழுவை முழுதாக வெளியே எடுத்தார். ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் நீளம். நுண்ணோக்கியில் அதன் மேல்தோலில் நெடுக்குவாட்டில் வரிகள் தெரிந்தன. 'டைரோபைலேரியா ரெப்பன்ஸ்' என்னும் நாய்ப்புழுவின் அடையாளம் அது. ஆசிரியைக்கு அதன்பின் வேறு மருந்து தேவைப்படவில்லை. மனித உடல் இப்புழுவுக்கு உரிய இடமன்று. பெரும்பாலும் ஒரே ஒரு புழுதான் வழிதவறி வந்து சேர்கிறது, அதுவும் குஞ்சு பொரிக்கும் நிலையை எட்டுவது மிக அரிது. ஆகவே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்ற அச்சம் வேண்டாம். புழுவை எடுத்துவிட்டால் சிகிச்சை முடிந்தது.

ஆனால் அந்த வீட்டில் விஷயம் அத்துடன் முடியவில்லை. வீட்டில் நாய் உண்டா என்று நாங்கள் கேட்டதும் மகள், "இருக்கு டாக்டர், மணின்னு ஒரு நாட்டு நாய். நாளைக்கே எங்கேயாவது தூரமாக் கொண்டுபோய் விட்டுடறோம்" என்றார். ஒரு கண்ணில் கட்டுடன் அமர்ந்திருந்த தாய் ஒன்றும் சொல்லவில்லை. கணவர் மறைந்த பிறகு அந்த வீட்டில் அவருக்கு ஆறு ஆண்டுத் துணை அந்த நாய்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த மகளிடம் நாங்கள் சொன்னதையே இங்கு விரித்து எழுதுகிறோம். வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்வோரும் "நாய் வைத்துக்கொள்ளலாமா?" என்று எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள்.

இப்புழு நாய் நக்குவதால் வருவதில்லை. அதன் முடியாலோ மலத்தாலோ வருவதில்லை. கொசுவால் வருகிறது. புழு உள்ள நாயின் இரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்கள் மிதக்கின்றன. கொசு அந்த இரத்தத்தைக் குடிக்கும்போது அவையும் கொசுவின் உடலுக்குள் போகின்றன. நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அவை தொற்றும் பருவத்தை அடைகின்றன. அதன்பின் அக்கொசு அடுத்த உயிரைக் கடிக்கும்போது, கடித்த துளை வழியாக உள்ளே நுழைகின்றன. அடுத்த உயிர் பெரும்பாலும் இன்னொரு நாய், எப்போதாவது மனிதர். சாக்கடையில் வளரும் கொசு, தேங்காய்ச் சிரட்டையில் வளரும் கொசு எனப் பல இனங்களுக்கு இந்தத் திறன் உண்டு. கடிபட்ட பல மாதங்களுக்குப் பிறகே கண்ணிலோ தோலிலோ புழு தெரியவரும் என்பதால், எந்தக் கொசு, எந்த நாய் என்று எவராலும் சொல்ல முடியாது. அது தெருவில் திரியும் நாயாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டு நாயாகவும் இருக்கலாம்.

இந்நிலையில் மணியைத் தொலைவில் கொண்டுபோய் விடுவதால் என்ன நடக்கும்? மருந்து தர ஆளில்லாத நாய்களின் எண்ணிக்கை ஒன்று கூடும். அது போய்ச்சேரும் தெருவில் உள்ள கொசுக்களுக்குப் புதிதாக ஓர் ஊற்று கிடைக்கும். அந்த வீட்டுக்கு வரும் கொசுக்களோ முன்போலவே வரும்.

நாய்களைத் தாக்கும் இவ்வினப் புழுக்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று மேலே சொன்ன தோலடிப் புழு. நாயின் தோலுக்கு அடியில் வாழ்வதால் நாய்க்குப் பெரும்பாலும் எந்தத் துன்பமும் வெளிப்படுவதில்லை. இதனாலேயே எவரும் கவனிப்பதில்லை. கேரளத்திலும் இலங்கையிலும் மனிதரின் கண், இமை, கன்னம் ஆகிய இடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை பெரும்பாலும் இவ்வகையே. கேரள எல்லையை ஒட்டி, இரு பருவமழையும் பெறும் எங்கள் மாவட்டத்தில் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

மற்றொன்று இதயப்புழு, 'டைரோபைலேரியா இம்மிட்டிஸ்'. நம் நாட்டில் வடகிழக்கு மாநிலங்களின் நாய்களில் இது மிகுதியாகப் பதிவாகியுள்ளது. பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். நாயின் நுரையீரல் தமனிகளிலும், எண்ணிக்கை மிகுந்தால் இதயத்தின் வலப்பக்க அறைகளிலும் நூற்கற்றை போலத் தங்கி, ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை உயிர்வாழும். தொடக்கத்தில் நாய்க்கு ஒன்றும் தெரியாது. பின்னர் இருமல், சிறிது ஓடினாலே களைப்பு, எடைக் குறைவு, இறுதியில் வயிற்றில் நீர்கோத்தல். இதயம் செயலிழக்கும் மனித நோயாளிகளிடம் நாங்கள் நாள்தோறும் காணும் அதே குறிகள்தாம்.

வந்தபின் குணப்படுத்துவது கடினம். வளர்ந்த புழுக்களைக் கொல்ல 'மெலார்சோமின்' என்னும் ஆர்செனிக் சேர்ந்த ஊசியை இடுப்புத் தசையில் ஆழமாக மூன்று முறை போட வேண்டும். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து, அடுத்த இரண்டும் ஒருநாள் இடைவெளியில். இறந்த புழுக்கள் சிதைந்து நுரையீரல் இரத்தக் குழாய்களை அடைக்கும் என்பதால் அந்த மாதங்களில் நாய் ஓடவோ குதிக்கவோ கூடாது. வாலாட்டிக்கொண்டு வாசலுக்குப் பாயும் நாயைப் பல வாரங்கள் கட்டிவைத்திருக்க வேண்டிய வீட்டாரின் நிலை, படுக்கை ஓய்வில் உள்ள நோயாளியைக் கவனிப்போருக்கு நன்றாகப் புரியும்.

வராமல் தடுப்பதோ எளிது: மாதம் ஒரு மாத்திரை, அல்லது பிடரித் தோலில் விடும் சில சொட்டுத் திரவம். ஐவர்மெக்டின், மில்பெமைசின், மோக்ஸிடெக்டின், செலமெக்டின் ஆகியன இதற்கான மருந்துகள். இவற்றுள் ஐவர்மெக்டினின் வரலாறு சுவையானது. ஜப்பானில் சடோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரியில் தொடங்கி, அமெரிக்காவில் வில்லியம் கேம்பெல் ஆராய்ந்து உருவாக்கியது. இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நாய்களின் இதயப்புழுத் தடுப்புக்கு இது பயன்பாட்டுக்கு வந்த 1987ஆம் ஆண்டிலேயே, மனிதரின் ஆற்றுக் குருட்டு நோய்க்கு இதனை இலவசமாக வழங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னர் நாய்க்கு நாள்தோறும் மருந்து தர வேண்டியிருந்தது. அந்த மருந்து, நம் வீடுகளுக்கு யானைக்கால் நோய்த் தடுப்புக்காக வந்து கொடுக்கப்படும் டைஎத்தில்கார்பமசின்தான்.

மாதம் ஒருமுறை ஏன் என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இன்று தரும் மருந்து வரும் முப்பது நாள்களுக்குக் கவசமாக நிற்கிறது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான மாத்திரைகளைப் பொறுத்தவரை உண்மை நேர்மாறானது. மருந்து சில நாள்களில் உடலை விட்டு நீங்கிவிடும். அது கொல்வது, கடந்த ஒரு மாதத்தில் கொசுக்கள் விட்டுச்சென்ற குடம்பிகளை. அதாவது இது முன்னோக்கிய காவல் அன்று. மாதம் ஒருமுறை பின்னோக்கிக் கூட்டிப் பெருக்குவது. ஏறத்தாழ ஐம்பது நாள் கடந்துவிட்டால் குடம்பி அடுத்த பருவத்துக்கு வளரத் தொடங்குகிறது. பின்னர் இந்தச் சிறு அளவு மருந்துக்கு அது முன்போல் மடிவதில்லை. பதினைந்து நாள் தாமதம் பெரும்பாலும் பொறுக்கத்தக்கது. மூன்று மாத மறதி அப்படியன்று.

இதை இங்கே எழுத ஒரு தனிக் காரணம் உண்டு. ஒருவர் எங்கள் மருத்துவமனையில் ஆறு வாரம், எட்டு வாரம் தங்கும்போது வீட்டின் ஒழுங்கு முழுவதும் குலைந்துபோகிறது. பக்கத்து வீட்டார் நாய்க்குச் சோறு வைப்பார்கள், மருந்து நினைவிருக்காது. அப்படித் தவறியிருந்தால் குற்ற உணர்ச்சியில் இரண்டு மாத அளவை ஒன்றாகக் கொடுத்துவிட வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் சொல்லி உடனே வழக்கமான அளவைத் தொடங்கி, இடைவிடாது தொடர்ந்து, ஆறேழு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதயப்புழுவைக் கண்டறியும் பரிசோதனை வளர்ந்த பெண் புழுவின் புரதத்தையே காட்டும். ஆகவே கடிபட்ட முதல் ஐந்தாறு மாதங்களில் புழு இருந்தாலும் 'இல்லை' என்றே வரும். அந்தப் பரிசோதனையில் தோலடிப் புழு தெரியாது. அதற்கு இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். குட்டியாக இருந்தால் எட்டு வார வயதுக்குள் மருந்தைத் தொடங்கிவிடலாம். ஏழு மாதத்துக்கு மேற்பட்ட நாயாயின் முதலில் பரிசோதனை, பிறகே மருந்து. இரத்தம் நிறைய இளம்புழு உள்ள நாய்க்குச் சோதிக்காமல் மருந்து தந்தால், அவை ஒருசேர மடிந்து நாய் அதிர்ச்சி நிலைக்குச் செல்லக்கூடும். வீட்டில் மீந்திருக்கும் யானைக்கால் மாத்திரையை நாய்க்குத் தருவது இந்த வகையில் மிகவும் ஆபத்தானது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும்; எங்கள் மருந்தகத்தில் இக்கேள்வி வந்திருக்கிறது. ஐவர்மெக்டினின் தடுப்பு அளவு ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம். பத்துக் கிலோ நாய்க்கு 60 மைக்ரோகிராம் போதும். மனிதருக்கான 12 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது 12,000 மைக்ரோகிராம்; இருநூறு மடங்கு. மாடுகளுக்குப் போடும் ஒரு சதவீத ஊசி மருந்தின் ஒரு மில்லிலிட்டரில் 10,000 மைக்ரோகிராம். அதில் 60 மைக்ரோகிராம் என்பது ஒரு துளியிலும் மிகச் சிறு பகுதி. எந்த ஊசிக்குழலாலும் வீட்டில் அளக்க இயலாது. காலி இன நாய்களில் பலவற்றுக்கு மூளைக்குள் மருந்து புகாமல் தடுக்கும் புரதம் பிறவியிலேயே குறைபட்டிருக்கும். அவற்றுக்கு இத்தகைய மிகை அளவு நடுக்கம், பார்வையிழப்பு, மயக்கம், சாவு வரை கொண்டுசெல்லும். நாய்க்கென்று எடைவாரியாகச் செய்யப்பட்ட மருந்தையே வாங்குங்கள். கொடுத்தபின் அது விழுங்கியதா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நாம் திரும்பியதும் துப்பும் கலையில் நாய்கள் எங்கள் நோயாளிகள் சிலரையும் விஞ்சுகின்றன.

இதயப்புழுவும் அரிதாக மனிதரிடம் வழிதவறி வருவதுண்டு. நுரையீரலின் சிறு குழாயில் இறந்து, அதைச் சுற்றி நாணயம் போன்ற வட்டக் கட்டியாகிறது. மார்பு எக்ஸ்ரேயில் அதைப் புற்றுநோயிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. பெரும்பாலும் அறுவை செய்து எடுத்துப் பார்த்த பிறகே உண்மை தெரியவரும். அந்நோயாளிக்கு நல்ல செய்திதான். எனினும் அச்செய்தி வரும்வரை ஒரு குடும்பம் கழிக்கும் நாள்கள் எத்தகையவை என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உங்களுக்கோ உங்கள் பொறுப்பில் உள்ளவருக்கோ கண்ணில் நெளிவது போன்ற உணர்வோ, இமையிலும் கன்னத்திலும் இடம் மாறும் வீக்கமோ இருந்தால் தேய்க்கவோ பிடுங்க முயலவோ வேண்டாம். இயன்றால் காணொளி எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள். புழு சில மணி நேரத்தில் உள்ளே போய் மறைந்துவிடக்கூடும். அத்தகைய காணொளியுடன் வருவோரை நாங்கள் இப்போது வரிசையில் காத்திருக்க வைப்பதில்லை.

மணியைப் பற்றிச் சொல்லவில்லையே. மகள் அதைக் கொண்டுபோய் விடவில்லை. கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இரத்தத்தில் இளம்புழுக்கள் இருந்தன, இதயப்புழு இல்லை. பிடரியில் விடும் மோக்ஸிடெக்டின் மருந்தை மாதந்தோறும் தந்து, சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது இரத்தம் தெளிந்திருந்தது. ஆசிரியை வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு வலை கட்டிவிட்டார். ஒவ்வொரு மாதமும் தம் சர்க்கரை மாத்திரை வாங்க எங்களிடம் வரும் அதே நாளைத்தான் மணியின் மருந்துக்கும் குறித்து வைத்திருக்கிறார். சென்ற முறை சீட்டை நீட்டும்போது, "அவனுக்குக் காலையிலேயே ஆச்சு, இனி எனக்குத்தான்" என்றார்.