மக்னீசியமும் ஒன்பது சோதனைகளும்

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குச் செல்லும் பெருஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியையும் ஆரம்பாக்கத்தையும் கடந்து, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் தடாவில் மேற்கே திரும்பிச் செல்பவர், உப்பலமடுகு அருவியைத் தன்னகத்தே ஒளித்து வைத்திருக்கும் மலைத்தொடரைத் தூரத்தில் கண்டவாறே வரதய்யபாளையத்தை அடைவார். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுத் திண்ணையில் கலந்து ஒலிக்கும் வட்டாரம் இது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று இரு ராஜ்யங்களின் எல்லை திருத்தப்பட்டபோது, திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்ததும், செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போனதும் இங்குள்ள முதியோர் இன்றும் பேசும் விஷயங்களாகும். மானாவாரி நிலமும் ஏரிப்பாசனமுமாக இருந்த இந்தப் பூமியில், சத்தியவேடு, வரதய்யபாளையம் ஆகிய இரு மண்டலங்களிலும் பரந்து கிடக்கும் ஸ்ரீசிட்டி என்னும் தொழில்நகரம் 2008-இல் தோன்றியது முதல், சென்னை மெட்ரோ ரயிலின் பெட்டிகள் உட்பட எத்தனையோ பொருள்கள் உருவாகிச் செல்கின்றன. நேற்று ஏர் பிடித்தவரின் பேரன் இன்று ஐ.டி.ஐ. படித்துவிட்டு, கணிப்பொறி ஆட்டுவிக்கும் கடைசல் யந்திரத்தின் முன் நிற்கிறான்.

அவ்விளைஞனை நாள்தோறும் சோதிக்கும் பிரச்னை ஒன்று உண்டு. யந்திரமும் அதே, வெட்டுளியும் அதே, உலோகமும் அதே; ஆயினும் காலையில் கண்ணாடிபோல் வந்த பாகம் மாலையில் சொரசொரப்பாக வருகிறது. வேகத்தைக் கூட்டு என்பார் ஒருவர். ஒரு சுற்றில் உளி நகரும் தூரமாகிய ஃபீடைக் குறை என்பார் மற்றொருவர். டூலை மாற்று என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் அனுபவம் பேசுகிறது. ஆனால் மூவரும் ஒருங்கே சரியாக இருக்க இயலாது. இந்த வழக்கைத் தீர்ப்பதற்கென்றே ஒரு சாஸ்திரம் இருக்கிறது என்பதையும், அதன் அஸ்திவாரக் கற்களுள் ஒன்றை நாட்டியவர் இங்கிருந்து வடக்கே அதே பெருஞ்சாலையில் உள்ள கூடூரில் பள்ளிப்பாடம் கற்றவர் என்பதையும் இப்பகுதிப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம்.

அந்தச் சாஸ்திரத்தை விளக்க மக்னீசியத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. யந்திரங்கள் செய்யப் பயன்படும் உலோகங்களுள் இதைவிட இலேசானது இல்லை. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறத்தாழ 7.85 கிராமும், அலுமினியம் 2.7 கிராமும் எடையிருக்க, மக்னீசியமோ 1.74 கிராம்தான். அதனாலேயே கார்களின் ஸ்டியரிங் சக்கரத்து உட்சட்டம், ஹெலிகாப்டரின் பற்சக்கரப் பெட்டி, கையில் ஏந்தும் காமிராவின் கூடு எனப் பல இடங்களில் இது இடம்பெற்றிருக்கிறது. நம் நாட்டுக்கு இது அந்நியமான பொருளுமன்று. சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் மாக்னசைட்டு இதன் தாதுவே. 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மின்பகுப்பு முறையால் இவ்வுலோகத்தைப் பிரித்தெடுக்கும் துறையில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது.

வெட்டுவதற்கு மக்னீசியம் மிகவும் இணக்கமானது. உளிக்கு அது தரும் எதிர்ப்பு அலுமினியம் தருவதிலும் குறைவு. ஆனால் அதன் சீவலில்தான் ஆபத்து இருக்கிறது. கட்டியாக இருக்கும் மக்னீசியம் எளிதில் தீப்பற்றாது. மயிரிழைபோல் மெலிந்த சீவலும் தூளுமோ, மழுங்கிய உளி உராயும் வெப்பத்தினாலேயே பற்றிக்கொள்ளக்கூடும். பற்றிய பின் தண்ணீரை ஊற்றினால் அது நீரிலுள்ள பிராணவாயுவைப் பறித்துக்கொண்டு, எளிதில் வெடிக்கும் ஹைட்ரஜனை வெளியே விடும். ஆகையால் தீயணைக்க உலர்ந்த வார்ப்பிரும்புத் துருவலையோ, உலோகத் தீக்கென்றே தயாரித்த தூளையோ அருகில் வைத்திருப்பது விதி. வெட்டும்போதும் நீர் கலந்த குளிர்விப்பானைத் தவிர்த்து, உலர்நிலையிலோ கனிம எண்ணெய் கொண்டோ வேலை செய்வதே பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழி. இத்தகைய உலோகத்தில் வீணான பரிசோதனை ஒவ்வொன்றும் பணச்செலவோடு நில்லாமல், மேலும் ஒரு கூடைச் சீவலையும் அதனோடு வரும் அபாயத்தையும் கூட்டுகிறது. குறைந்த சோதனையில் நிறைந்த உண்மையை அறியும் வித்தை வேறெங்கையும்விட இங்கே அவசியமாகிறது.

மேற்பரப்பின் மெருகு அழகுக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. இரண்டு பாகங்கள் பொருந்தும் இடத்தில் எண்ணெய் கசியாதிருப்பதும், திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும் பாகத்தில் விரிசல் தோன்றாதிருப்பதும் அதைப் பொறுத்தவை. மக்னீசியம் உப்பீரத்துக்கு அஞ்சும் உலோகமாதலால், பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இவ்வளவு அண்மையில், பரப்பிலுள்ள நுண்ணிய பள்ளங்கள் உவர்க்காற்றின் ஈரத்தைத் தேக்கி வைக்கும் குழிகளாகவே ஆகிவிடும். இந்தச் சொரசொரப்பை, வைரமுனை பொருத்திய மெல்லிய ஊசியைப் பரப்பின்மேல் நகர்த்தி, அதன் ஏற்ற இறக்கங்களின் சராசரியை மைக்ரான் கணக்கில் அளக்கிறார்கள்; ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது? சுழலும் உலோகத்தின்மேல் வட்டமான முனையுடைய உளி நகர்ந்து செல்லும்போது, வயலில் ஏர் விட்டுச்சென்ற சால்கள்போலச் சுருள்வரிகள் பதிகின்றன. சாலின் உயரம் ஃபீடின் வர்க்கத்தை உளிமுனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்த அளவாகும் என்பது கணிதம். முனையின் ஆரம் 0.8 மில்லிமீட்டராகவும், ஒரு சுற்றுக்கு ஃபீடு 0.1 மில்லிமீட்டராகவும் இருந்தால் சாலின் உயரம் சுமார் 1.56 மைக்ரான், ஃபீடை 0.2 ஆக்கினால் அது 6.25 ஆகிவிடும். இரட்டித்த ஃபீடுக்கு நாலு மடங்கு சொரசொரப்பு! அப்படியானால் ஃபீடைக் குறைத்துக்கொண்டே போவதுதானே என்று கேட்கலாம். ஃபீடு குறையக் குறையச் சீவல் மெலிகிறது. உளி வெட்டுவதை விட்டு உராயத் தொடங்குகிறது. தீயின் அச்சம் வளர்கிறது. அன்றியும், உளிமுனையில் உலோகம் ஒட்டிக்கொண்டு திரள்வது, யந்திரத்தின் அதிர்வு, வேகத்தினால் விளையும் வெப்பம் முதலிய காரணங்கள் கணிதச் சூத்திரத்துக்குள் அகப்படுவதில்லை. ஆகவேதான் பரிசோதனை வேண்டியிருக்கிறது.

நம்மில் பலரும் கையாளும் முறை, மற்றவற்றை அசையாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. இது நேர்மையான முறைபோல் தோன்றினாலும் பெரிய ஏமாற்றத்தைத் தன்னுள் கொண்டது. குறைந்த வேகத்தில் உளிமுனையில் உலோகம் ஒட்டிப் பரப்பைக் கெடுத்துக்கொண்டிருக்கும் நிலையில் ஃபீடை மாற்றிப் பார்ப்பவர், பலன் ஒன்றும் இல்லையென்று கண்டு, ஃபீடுக்கும் மெருகுக்கும் சம்பந்தமில்லை என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுவார். அதிக வேகத்தில் அதே மாற்றம் வியத்தகு பலன் தந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியவே போவதில்லை. இரண்டு காரணங்கள் கைகோத்துச் செய்யும் காரியத்தை ஒவ்வொன்றாக விசாரித்து அறிய முடியாது. அதற்காக எல்லாச் சேர்க்கைகளையும் சோதிப்பதென்றாலோ, வேகம், ஃபீடு, வெட்டு ஆழம், உளிமுனை ஆரம் ஆகிய நான்குக்கும் மும்மூன்று அளவுகள் வைத்தால் 81 சோதனைகள் ஆகின்றன.

இந்த 81-ஐ ஒன்பதாகச் சுருக்கும் அட்டவணையே தொழிற்சாலைகளில் 'ஆர்த்தாகனல் அர்ரே' என்று வழங்குவது. அதன் நுட்பம் இதுதான்: குறைந்த வேகம் வரும் மூன்று சோதனைகளில் மூன்று ஃபீடுகளும், மூன்று ஆழங்களும், மூன்று முனைகளும் தலைக்கு ஒரு முறை வந்துவிடும், நடுத்தர வேகத்துக்கும் அப்படியே, அதிக வேகத்துக்கும் அப்படியே. எந்தக் காரணத்தை எடுத்தாலும் மற்றவை அதன் மூன்று நிலைகளுக்கும் ஓரவஞ்சனையின்றிப் பங்கிடப்பட்டிருப்பதால், மும்மூன்று சோதனைகளின் சராசரிகளை ஒப்பிட்டாலே அக்காரணத்தின் பலம் தராசில் நிறுத்ததுபோல் புலப்படும்.

இவ்வட்டவணைகளின் பொதுவான கணிதத்தை 1940-களில் வகுத்தவர் சி. ஆர். ராவ். அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஹடகலியில் 1920-இல் பிறந்து, கூடூர், நுஜிவீடு, நந்திகாமா, விசாகப்பட்டினம் எனத் தந்தையின் உத்தியோகம் இழுத்துச்சென்ற ஊர்களிலெல்லாம் படித்து, வேலை தேடிக் கல்கத்தாவுக்குச் சென்று, வேலை கிடைக்காமல், பேராசிரியர் மகலனோபிஸ் நடத்திவந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1941-இல் மாணவராகச் சேர்ந்தவர் அவர். அந்நிறுவனத்தில் அன்று வீசிய காற்று, இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் விவசாயப் பண்ணையில் பரிசோதனை வகுக்கும் சாஸ்திரத்தையே புதிதாக நிறுவிய ரொனால்ட் ஃபிஷரின் கருத்துக்கள் கலந்த காற்று. எந்த எரு, எந்த விதை, எந்த மண் என்று வயலுக்காகப் பிறந்த ஆராய்ச்சி, ராவின் 1947-ஆம் ஆண்டுக் கட்டுரையில் எதற்கும் பொருந்தும் பொதுவிதியாயிற்று. 2023 ஆகஸ்டில், தமது 102-வது வயதில் அவர் காலமானார்.

அந்த நிறுவனத்துக்கு 1954-இல் வருகைப் பேராசிரியராக வந்தார் ஜப்பானியப் பொறியியலாளர் கெனிச்சி டகுச்சி. முந்திய ஆண்டில்தான் ஜப்பானிய ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றில், சூளையின் வெப்பம் எல்லா இடத்திலும் ஒன்றாக இராததால் ஓடுகள் அளவு மாறி வந்த குறையை, செலவு மிகுந்த சூளையைத் தொடாமல், களிமண் கலவையில் சுண்ணாம்பைக் கூட்டியே தீர்த்துப் புகழ் பெற்றிருந்தது அவருடைய முறை. வேற்றுமையை ஒழிக்க முடியாவிட்டால் அது நம்மைப் பாதிக்காதபடி ஏற்பாடு செய்துகொள்வதே அவர் கொள்கை. அதற்கேற்ப அவர் அமைத்த அளவுகோலில், 0.6, 0.6, 0.6 மைக்ரான் என்று வரும் மூன்று பாகங்களும், 0.3, 0.6, 0.9 என்று வரும் மூன்று பாகங்களும் சராசரியில் ஒன்றாயினும் மதிப்பில் ஒன்றல்ல. ஒவ்வோர் அளவையும் வர்க்கமாக்கிச் சராசரி எடுத்தால் முன்னது 0.36, பின்னது 0.42. நிலைதவறும் தொழிலுக்கு இங்கே தண்டனை உண்டு. கல்கத்தாவில் முளைத்த அட்டவணைகள் இவ்வாறு ஜப்பானிய முத்திரையுடன் தொழிற்சாலைகளுக்குள் புகுந்தன. சென்னையை அடுத்த பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1998-இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றபோது, புள்ளிவிவரம் கொண்டு தரம் காக்கும் இவ்வழி நம் அண்டை வீட்டுச் சங்கதியும் ஆயிற்று.

பட்டறையில் இதைக் கடைப்பிடிப்பவர் மறந்துவிடக்கூடாத விதி ஒன்றை ஃபிஷர் வலியுறுத்தினார். ஒன்பது சோதனைகளையும் அட்டவணையில் உள்ள வரிசையிலேயே செய்யக்கூடாது. வேகங்கள் வரிசையாக ஏறிச்செல்லும் அட்டவணையில், உளியும் அதே வரிசையில் தேய்ந்துகொண்டு வருமாதலால், தேய்மானத்தின் குற்றம் வேகத்தின் தலையில் விழும். கோயில்களிலும் குடும்பங்களிலும் திருவுளச் சீட்டுப் போட்டு எடுப்பது நமக்குத் தெரியாததன்று. அதேபோல் ஒன்பது சீட்டுகளைக் குலுக்கி, வந்த வரிசையில் கடைய வேண்டும். விசாரணை முடிந்தபின் செய்யும் 'அனோவா' என்ற கணக்கு, மொத்த வேறுபாட்டில் ஃபீடுக்கு எத்தனை சதவீதம், வேகத்துக்கு எத்தனை, யாருக்கும் கட்டுப்படாத எஞ்சிய பிழைக்கு எத்தனை என்று பங்கு பிரித்துக் காட்டும். மக்னீசியக் கலவைகளைக் கடைந்து ஆராய்ந்தோர் பலர் ஃபீடுக்கே பெரும்பங்கு கண்டிருப்பது, மேலே சொன்ன ஏர்ச்சால் கணிதத்தோடு ஒத்துப்போகிறது.

ஆனால் ஒன்பதாகச் சுருக்கியதற்கு ஒரு விலையும் கொடுக்கிறோம். நான்கு காரணங்களும் அட்டவணையின் நான்கு பத்திகளையும் நிறைத்துவிட்டால், இரண்டு காரணங்கள் கைகோத்துச் செய்யும் காரியம் மூன்றாவதன் கணக்கில் மறைந்து புகுந்துவிடும். டகுச்சியின் முறைமேல் ஜார்ஜ் பாக்ஸ் முதலிய அறிஞர்கள் சொன்ன ஆட்சேபங்களுள் இது முக்கியமானது. நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். வசதியுள்ளவர்கள் 27 சோதனைகள் கொண்ட அட்டவணைக்குப் போகலாம். இயலாதவர்கள் இறுதிச் சோதனையை எக்காரணம் கொண்டும் கைவிடலாகாது. கணக்கு எந்த வேகத்தையும் ஃபீடையும் ஆழத்தையும் முனையையும் சிறந்தவை என்று சொல்கிறதோ, அந்தச் சேர்க்கை பெரும்பாலும் செய்து பார்த்த ஒன்பதில் இராது. எதிர்பார்க்கும் சொரசொரப்பை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கூரிய புதிய உளியைப் பொருத்தி, சீவல் தட்டைத் துப்புரவாக்கி, அச்சேர்க்கையில் மூன்று துண்டுகளைக் கடைந்து ஊசியின் கீழ் வைக்க வேண்டும். எழுதியதும் அளந்ததும் நெருங்கி இருந்தால் அந்த எண்கள் யந்திரத்தின் அட்டையில் ஏறலாம். இல்லையேல், கைகோத்து நின்ற இருவர் யார் என்று தேட, மறுபடியும் ஒரு கட்டுச் சீட்டு வெட்ட வேண்டியதுதான்.