‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள்

நெய்வேலி நகரியத்தில் காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் வரை நிற்காமல் தன் வட்டத்தைச் சுற்றி வந்தவர். இப்போது பாதி வழியில் மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். கேட்டால், “அறுபத்தெட்டு ஆச்சுல்ல, இனிமே இப்படித்தான்” என்கிறார். பேச்சு அதோடு முடிகிறது. டாக்டரிடம் போகும் எண்ணமும்தான்.

ஒரே வருடத்தில் வந்த மூச்சிரைப்பை வயதின் கணக்கில் எழுதக் கூடாது. இதயம் பலவீனமாகியிருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம். பல வருடம் தூசியில் நின்றவரின் நுரையீரலையும் பார்க்க வேண்டும். முதியவர்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் களைப்பும் வியர்வையுமாக மாரடைப்பு வருவதுண்டு.

மனநிலையும் இதில் புகுந்து குழப்புகிறது. அறுபதில் ஓய்வு, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நகரியத்துக்கு வெளியே இந்திரா நகருக்கோ வடக்குத்துக்கோ குடிபோகிறார்கள். ஷிஃப்ட் இல்லை, கூட வேலை பார்த்தவர்கள் பக்கத்தில் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். மனம் சோர்ந்துபோனால் சின்ன வலியும் பெரிதாகத் தெரியும். “மனசு சரியில்ல” என்று நம் பெரியவர்கள் லேசில் சொல்வதில்லை. “பசிக்கல, தூக்கம் வரல, கைகால் ஓஞ்சு போவுது” என்பார்கள். மறதி என்று பயந்து வருபவர்களில் சிலருக்கு நினைவாற்றல் சோதனை சரியாகவே இருக்கும். அடியில் இருப்பது மனச்சோர்வு. அதே சோர்வு, “சொல்லி என்ன ஆகப்போவுது” என்று உண்மையான நோயையும் மூடி மறைக்கும். வலியைப் பெரிதாக்குவது, நோயை மறைப்பது என்ற இரண்டில் மறைப்பதுதான் எனக்குப் பயம் தருகிறது.

‘வயசாச்சு, இனிமே இப்படித்தான்’ என்ற எண்ணமும் சும்மா விடுவதில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி குழு, ஒஹையோவில் 50 வயது தாண்டிய 660 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டது. முதுமையை நல்லவிதமாக எண்ணியவர்கள் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். உடல்நிலை, சமூகப் பொருளாதார நிலை, தனிமை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

வீட்டுப் பெரியவரிடம் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன்” என்றுதான் வரும். “போன தீபாவளிக்குச் செஞ்சதுல இப்ப எதைச் செய்ய முடியல? எப்பலேர்ந்து?” என்று கேளுங்கள். வரும் பதிலை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு என்று தோன்றினால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.