வானம் பார்ப்பவர்கள் – 6: அசரீரிக்கு ஒரு முகம்

மைசூரில் எங்கள் சித்தப்பா வீடு யாதவகிரியில் இருக்கிறது. ரயில்வே வேலைக்காகப் போனவர், ஓய்வு பெற்ற பிறகு ஊர் திரும்ப மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். ஆர்.கே. நாராயண் கட்டிய வீடும் அந்தப் பகுதியில்தான். ஆனால், விருந்தாளி யார் வந்தாலும் சித்தப்பா முதலில் காட்டுவது நாராயண் வீட்டை அல்ல, மைசூர் வானொலி நிலையத்தை. “ஆகாசவாணிங்கிற பேரே இந்த ஊர்லதான் பிறந்தது, தெரியுமோ?” என்பார்.

அவர் சொல்வது சரிதான். மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசுவாமி, 1935இல் தன் வீட்டிலேயே ஒரு சிறு ஒலிபரப்புக் கருவியை வைத்து வானொலி நிலையம் தொடங்கினார். ‘ஆகாசவாணி’ என்பது அந்த வீட்டு நிலையத்தின் பெயர். பிற்பாடு மைசூர் சமஸ்தானம் நிலையத்தை எடுத்துக்கொண்டது. 1950களில் அகில இந்திய வானொலி அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டது. நமக்கு மட்டும் அது வானொலியாகவே இருந்துவிட்டது.

ஆகாசவாணி என்றால் அசரீரி. புராண அசரீரிக்கு ஒரு பெரிய வசதி உண்டு: சொல்லிவிட்டு மறைந்துவிடலாம். எட்டாவது பிள்ளையைப் பற்றிக் கம்சனிடம் சொன்னது பலித்தது. பலிக்காமல் போயிருந்தால் அவன் யார் சட்டையைப் பிடித்திருப்பான்? வானொலியில் வானிலை அறிக்கை வாசித்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே பாதுகாப்பு இருந்தது. வாசித்தவர் வேறு, கணித்தவர் வேறு. இரண்டு பேரையும் நமக்குத் தெரியாது. மழை பொய்த்தால் ‘ரேடியோக்காரன் புளுகுறான்’ என்று பொதுவாகத் திட்டிவிட்டுக் குடையை மடக்கிவைத்தோம்.

தொலைக்காட்சி வந்து அந்த வசதியைக் கெடுத்தது. 1954 ஜனவரி 11 அன்று பி.பி.சி.யில் ஜார்ஜ் கௌலிங் என்பவர் வரைபடத்துக்கு முன்னால் வந்து நின்றார். அதற்குமுன் அங்கே படமும் குரலும்தான் வரும், ஆள் வரமாட்டார். கௌலிங் நடிகரோ செய்தி வாசிப்பவரோ அல்ல. பிரிட்டிஷ் வானிலைத் துறையின் ஊழியர். நாளைக்குக் காற்று அடிக்கும், துணி காயப்போட நல்ல நாள் என்று சொன்னாராம். முதல் நாளிலேயே தொழிலின் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார். மக்களுக்கு வேண்டியது காற்றழுத்தம் அல்ல, கொடியில் கிடக்கும் துணி.

அதே பி.பி.சி.யில் மைக்கேல் ஃபிஷ் பட்டதையும் சொல்ல வேண்டும். 1987 அக்டோபர் 15. சூறாவளி வருகிறதாமே என்று ஒரு பெண்மணி கேட்டதாகச் சொல்லி, அப்படி ஒன்றும் இல்லை, கவலை வேண்டாம் என்றார் சிரித்தபடி. அன்றிரவே தெற்கு இங்கிலாந்தை வரலாறு காணாத புயல் புரட்டிப்போட்டது. தான் சொன்னது வேறொரு புயலைப் பற்றி என்று பிற்பாடு எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? 25 ஆண்டுகள் கழித்து லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் அந்தத் துணுக்கைப் போட்டுக் காட்டினார்கள். முகம் தெரிந்துவிட்டால் தப்ப முடியாது.

நம் ஊரில் அந்த முகம் எஸ்.ஆர். ரமணன். நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வானம் பார்த்துவரும் வளாகத்தில் இயங்கும் சென்னை வானிலை மையத்தில், புயல் எச்சரிக்கைப் பிரிவின் இயக்குநராக இருந்தவர். ஐப்பசி, கார்த்திகையில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் வருவார். ஏற்ற இறக்கமில்லாத குரல்; சுற்றி வளைக்காத பேச்சு. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று அந்தக் குரலை வைத்துக் கணக்குப் போட்டுப் பழகியது ஒரு தலைமுறை. விடுமுறை விடுவது மாவட்ட ஆட்சியர். கும்பிடு மட்டும் ரமணனுக்கு. அவர் மழை என்று சொல்லி வெயில் அடித்த நாட்களைப் பற்றிய கேலிகளை எண்ணி மாளாது. கேலியும் கும்பிடும் ஒரே ஆளுக்குப் போய்ச் சேர்ந்ததுதான் விசேஷம்.

அவரைக் கேலி செய்தவர்களில் நானும் உண்டு. ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்பதை மழுப்பல் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எங்காவது ஓரிடத்தில் நாலு தூறல் விழாமலா போகும்? பிறகுதான் தெரிந்தது, அது மழுப்பல் இல்லை, அளவை என்று. ஒரு வானிலை உட்பிரிவில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி வரைக்கும் மழை பதிவாகும் என்றால் ‘ஓரிரு இடங்கள்’. பாதி வரைக்கும் என்றால் ‘ஒரு சில இடங்கள்’. முக்கால்வாசி வரைக்கும் ‘பல இடங்கள்’. அதற்கும் மேலே ‘பெரும்பாலான இடங்கள்’. கனமழையும் அப்படித்தான்: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்தப் பெயர் கிடையாது, 115.5ஐத் தாண்டினால் ‘மிக’ சேரும், 204.4ஐத் தாண்டினால் ‘அதி’. ரமணன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு அடைமொழிக்கும் பின்னால் ஓர் எண் இருந்தது. எண்ணை மறைத்துவைத்து, தமிழை மட்டும் நம்மிடம் கொடுத்தார்கள். அந்த அட்டவணையை ஒருநாளாவது திரையில் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் பாதிக் கேலி குறைந்திருக்கும்.

இந்த ஓரிரு இடங்களின் அருமையை எனக்குப் புரியவைத்தது சென்னை இல்லை, மைசூர். வானிலைக் கணக்கில் மைசூர் ‘தெற்கு உள் கர்நாடகம்’ என்ற உட்பிரிவில் வருகிறது. நம் சென்னை மண்டல மையத்தின் எல்லைக்குள் அடங்கும் பகுதிதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் மைசூரில் ஆண்டுக்குச் சுமார் 80 செ.மீ. மழை. அதே உட்பிரிவில்தான் குடகும் இருக்கிறது. நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மடிக்கேரியில் பெய்வதோ இதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே ஆடியில் ‘தெற்கு உள் கர்நாடகத்தில் ஓரிரு இடங்களில் மிகக் கனமழை’ என்று அறிக்கை வந்தால், மைசூர்க்காரர் குடையைத் தேடுவதில்லை. சித்தப்பா வாசலில் நின்று பார்ப்பார். மேலே வெளிறிய மேகம், கீழே காய்ந்த தரை. “நமக்கில்லை. மடிக்கேரிக்குச் சொல்றான்” என்பார். மறுநாள் காலையில் கன்னடப் பத்திரிகையில் கே.ஆர்.எஸ். அணையின் நீர்மட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார். முழு மட்டம் 124.80 அடி. அங்கே ஏறினால், கபினியும் நிரம்பினால், சில நாட்களில் மேட்டூரில் ஏறும். தஞ்சாவூரில் இருக்கும் என் பெரியம்மா பார்ப்பது மேட்டூரின் 120 அடியை. ‘ஓரிரு இடங்கள்’ என்பது இரண்டு மாநிலத்துச் சாப்பாட்டுத் தட்டு.

அந்த ஓரிரு இடங்களுக்கு 2018 ஆகஸ்டில் இன்னொரு அர்த்தமும் வந்தது. அணை நிறைந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் குடகில் மலைகள் சரிந்தன. வீடுகள் மண்ணோடு போயின.

ரமணனின் பணிக்காலத்தின் கடைசி மழைக்காலம் 2015. டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. சென்னை மூழ்கியது. இத்தனை செ.மீ. கொட்டும் என்று ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. இருபது முப்பது கிலோமீட்டருக்குள் எங்கே எவ்வளவு கொட்டும் என்பதை முந்தின நாளே அளந்து சொல்வது இன்றைக்கும் கடினமான காரியம். மேகம் திரண்ட பிறகு டாப்ளர் ராடார் பிடித்துவிடும். சென்னைத் துறைமுகத்தில் 2002லிருந்து ஒன்று இருக்கிறது. ஆனால் ராடார் தருவது சில மணி நேரத்து அவகாசம். ஏரிகளையும் ஆற்றையும் அந்த அவகாசத்தில் என்ன செய்வது என்பது வானிலைக்காரர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை. இருந்தும் கேள்வி அவரிடம்தான் வந்தது. திரையில் தெரிந்த முகம் அவருடையது.

இப்போது முகங்கள் பெருகிவிட்டன. பிரதீப் ஜானைப் போலத் துறைக்கு வெளியே இருப்பவர்கள், நம் தெருவில் எத்தனை மணிக்கு என்கிற பாணியில் முகநூலில் எழுதுகிறார்கள், லட்சக்கணக்கானோர் படிக்கிறார்கள். நானும் படிக்கிறேன். அவர்களுக்குப் பதற்றத்தைத் தணிக்கத் தெரிகிறது. ஆனால் மீனவர் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லும்போது பொறுப்பேற்று நிற்க ஓர் அலுவலகம் வேண்டும். வயர்லெஸ்ஸும் துறைமுகக் கொடிமரமும் அந்த அலுவலகத்தின் சொல்லுக்குத்தான் அசையும். ரமணன் இரண்டையும் சேர்த்துச் சுமந்தார்: அலுவலகத்தின் சொல், தெருவின் கேலி. என்னைக் கேட்டால், தமிழ்த் தொலைக்காட்சி உருவாக்கிய நட்சத்திரங்களில் ஒப்பனையே இல்லாதவர் அவர் ஒருவர்தான்.

2016 மார்ச் 31 அன்று ஓய்வு பெற்றார். மழைக்குச் சம்பந்தமில்லாத பங்குனி வெயில் நாள்.

அடுத்த வாரம், தினமும் காலை 8.30க்கு மழைமானிக்குள் இருக்கும் தண்ணீரை அளப்பவர்களைப் பார்ப்போம். அவர்கள் முகம் எந்தத் திரையிலும் வந்ததில்லை.

(தொடரும்)