மலைச்சிங்கமும் மக்கள் வாக்கும்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த எல்டோராடோ மாவட்டத்துக் காட்டிலே, மான்கள் உதிர்த்த கொம்புகளைத் தேடிச் சென்ற சகோதரர் இருவரை ஒரு மலைச்சிங்கம் தாக்கிற்று. மூத்தவர் மாண்டார், இளையவர் படுகாயத்துடன் உயிர் தப்பினார். அம்மிருகத்தால் அம்மாகாணத்தில் மனித உயிர் போனது இருபதாண்டுகளில் அதுவே முதல் தடவை. 'இத்தகைய கொடிய ஜந்துவைச் சட்டமியற்றிக் காப்பது நியாயமா?' என்ற கேள்வி இத்தருணத்தில் எழுவது இயற்கையே. ஆனால் இக்கேள்வி அங்கே புதிதன்று. அதற்கு மக்களே இருமுறை வாக்குச் சீட்டினால் விடையளித்திருக்கின்றனர். கடல் கடந்த தேசத்து விஷயமாயினும், பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள நம் நேயர்கள் இதனை அறிதல் நலமெனக் கருதுகிறோம்.

பெயரிலே சிங்கமிருப்பினும் இப்பிராணி சிங்கமன்று. பூமா என்றும் கூகர் என்றும் பல பெயர் பூண்ட இது, கனடாவின் வடமேற்கிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடி வரையில் பரவி வாழ்வது. சிங்கம் போல் கர்ஜிக்க இதனால் இயலாது. மானே இதன் முக்கிய இரை. மனிதனைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப் போவதே இதன் சுபாவம்.

முற்காலத்தில் கலிபோர்னியா சர்க்கார் இதன் தலைக்கு விலை வைத்திருந்தது. 1907 முதல் 1963 வரையில் வெகுமதிப் பணத்திற்காகக் கொல்லப்பட்டவை 12,000க்கு மேற்பட்டவை. 1972இல் வேட்டை நிறுத்தி வைக்கப்பட்டது. 1990 ஜூன் மாதத்தில் மக்கள் வாக்கெடுப்பின் மூலமே விளையாட்டு வேட்டையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. நூற்றுக்கு 52 பேர் அதனை ஆதரித்தனர். ஆட்டையும் மாட்டையும் கொல்லும் மிருகத்தையும், மனித உயிருக்கு ஆபத்தாகும் மிருகத்தையும் அகற்ற அச்சட்டம் இடங்கொடுத்தது.

பின்னர் வந்தது உண்மையான சோதனை. 1994இல் ஒரே ஆண்டில் பெண்மணிகள் இருவர் மலைச்சிங்கத்திற்கு இரையாயினர். பாதுகாப்பை நீக்கும் யோசனை 1996இல் மக்கள் முன் வந்தது. துக்கமும் கோபமும் ஆறாத அவ்வேளையிலும் நூற்றுக்கு 58 பேர் அதனை நிராகரித்தனர். பீதியிலே பிறக்கும் சட்டம் நல்ல சட்டமாகாது என்பதை அறிந்த ஜனசமூகத்தின் தீர்ப்பென்றே இதனை மதிக்கிறோம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் இதனால் மாண்டவர் சுமார் முப்பது பேரே. ஆயினும், மகனை இழந்த தாய்க்குப் புள்ளிவிவரம் ஆறுதலாகுமா? மிருகத்தைக் காக்கத் தீர்மானித்த சமூகம், மனிதன் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியையும் கற்பிக்கக் கடமைப்பட்டது. அவ்வழி யாது?

முதலாவது, அதன் அடையாளங்களை அறிதல். உடல் மங்கிய மஞ்சள் கலந்த பழுப்பு. வால் நீண்டு, நுனி கறுத்திருக்கும். குட்டிகளுக்கு மட்டும் புள்ளிகளுண்டு. அடிச்சுவட்டில் நான்கு விரல்கள் தெரியும். நாயின் சுவட்டிற்போல் நகக்குறி பெரும்பாலும் இராது, நகங்களை அது உள்ளிழுத்துக்கொள்வதால். இலையும் மண்ணும் கொண்டு மூடிய மான் உடலைக் கண்டால் அங்கே நிற்கலாகாது. மிச்ச இரையை உண்ண அது மீண்டு வரும். அந்தி முதல் விடியல் வரையிலுமே அதன் நடமாட்டம் மிகுதி. அந்நேரத்தில் தனியே நடப்பதும், குழந்தைகளை முன்னே ஓடவிடுவதும் தவறு.

இரண்டாவது, எதிர்ப்பட்டால் ஓடாதிருத்தல். ஓடுவது எதுவோ அதுவே இரையென்பது பூனையினத்தின் பிறவிக்குணம். முகத்துக்கு முகம் நின்று, கண்ணை விலக்காமல், கைகளையும் மேலங்கியையும் உயர்த்திப் பேருருவாய்க் காட்டி, உரத்த குரலில் அதட்டவேண்டும். குழந்தையிருப்பின் அதிகம் குனியாமல் தூக்கிக்கொள்ள வேண்டும். அது விலகிச் செல்ல வழிவிட்டு மெல்லப் பின்வாங்கவேண்டும். நெருங்கினால் கல்லெறிய வேண்டும். பாய்ந்துவிட்டால் கழுத்தைக் காத்துக்கொண்டு கையிற் கிடைத்ததைக் கொண்டு போராட வேண்டும்.

இவை ஏட்டுச் சுரைக்காயல்ல. 2018 மே மாதத்தில் வாஷிங்டன் மாகாணத்தில் சைக்கிளில் சென்ற இருவரைத் தொடர்ந்த மிருகம், அவர்கள் அதட்டியதும் முதலில் விலகிற்று. மீண்டு வந்து ஒருவரைக் கவ்விற்று. மற்றவர் ஓடவே, கவ்வியவரை விட்டு ஓடியவரைத் துரத்திக் கொன்றது. 2019 பிப்ரவரியில் கொலராடோவில் மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர், பின்னால் அரவங் கேட்டுத் திரும்பி, பாய்ந்த இளம் மலைச்சிங்கத்துடன் போராடிக் கொன்று மீண்டார்.

எனினும் உண்மையை மறைத்தல் தகாது. எல்டோராடோச் சகோதரர்கள் ஓடவில்லை. நேர்நின்று கைகளை உயர்த்திக் கூவினர். ஆயினும் அது பாய்ந்தது. விதிகள் ஆபத்தைக் குறைக்குமேயன்றி அறவே ஒழிக்கமாட்டா.

மூன்றாவது கடமை வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. முற்றத்தில் மானுக்குத் தீனி வைப்பவன், மானைத் தொடர்ந்து வரும் மலைச்சிங்கத்தையும் விருந்துக்கு அழைக்கிறான். இரவில் ஆட்டைக் கூரையுள்ள பட்டியில் அடைக்காதவன் ஆட்டையும் இழக்கிறான்; அதைத் தின்ற குற்றத்திற்காகச் சுடப்படும் மிருகத்தின் சாவுக்கும் காரணமாகிறான். ஒருவனுடைய அசிரத்தைக்கு இரண்டு உயிர்கள் பலி.

லாஸ் ஏஞ்சலீஸுக்கு அருகே, பத்து வரிசையாய் வாகனங்கள் விரையும் பெருஞ்சாலையின் மேல், காட்டுயிர்கள் கடந்து செல்வதற்கென்றே ஒரு பாலம் அமைக்கும் வேலை 2022 ஏப்ரலில் தொடங்கிற்று. தலைக்கு விலை வைத்த அதே மாகாணம் பிற்காலத்தில் பாலம் கட்ட முற்பட்டதை நேயர்கள் சிந்திப்பார்களாக. துப்பாக்கியால் பெறும் அபயம் மிருகம் அழியும் வரையில்தான். அதன்பின் மலையும் வெறுமையாகும். அறிவினால் பெறும் அபயமோ மனிதனையும் மிருகத்தையும் ஒருங்கே வாழவைக்கும். கலிபோர்னிய மக்கள் கடினமான வழியைத் தெரிந்துகொண்டனர். அதற்குரிய ஜாக்கிரதையையும் தவறாது கைக்கொள்வார்களாயின், அவர்கள் அளித்த வாக்கு வீணாகாது.